மாட்டுக்காரர் படுக்கையில், மாட்டுக்கு யார் பொறுப்பு?

கிள்ளானுக்கு வடக்கே, காப்பார் சாலையை ஒட்டி ஒரு பழைய தோட்டம். கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் பாதிக்கு மேல் போய் இன்று அந்த இடத்தில் கிடங்குகள் நிற்கின்றன. மிச்சமிருப்பது சில லயத்து வீடுகளும் ஒரு மாரியம்மன் கோயிலும்தான். அங்கே நமக்கு நன்கு தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறியபோது கையில் கிடைத்த பணத்தைக் குடித்துக் கரைக்காமல் இரண்டு கறவை மாடுகள் வாங்கினார். அவற்றை ஏழாகப் பெருக்கினார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து, ஒரு கம்பெனியில் கணக்கெழுதிப் பிழைக்கிறார்.

ஒரு நாள் விடியற்காலை பெரியவர் பால் செம்புடன் கொட்டகைக்குப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். பக்கத்து வீட்டார் தூக்கிச் சென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது கையும் வாயும் வேலை செய்யவில்லை. மகன் ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் வேலைக்கும் நடுவே அலைந்தார். மாடுகளை முதல் மூன்று நாள் லயத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். நாலாம் நாள் ஒருவருக்கு இரவு ஷிப்டு. ஐந்தாம் நாள் இன்னொருவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு கறவை புது ஆளைக் கண்டு உதைத்தது. அது கன்றை முன்னால் கட்டினால்தான் பால் விடும் என்பது பெரியவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மடி கல்லாக வீங்கிவிட்டது. எட்டாம் நாள் தரகர் வந்தார். பத்தாம் நாள் ஏழு மாடுகளும் லாரி ஏறின. நான்கு மாடுகளுக்குக் கிடைக்கவேண்டிய பணம்தான் ஏழுக்கும் கிடைத்தது.

சில மாதம் கழித்துப் பெரியவருக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. மகனைப் பார்த்து அவர் தெளிவாகக் கேட்ட முதல் கேள்வி: “செவலை கன்று போட்டுடுச்சா?” செவலை அப்போது ஏழு மாதச் சினை. விற்ற மகனுக்கு அது தெரியாது. வாங்கிய தரகருக்குத் தெரிந்திருக்கும்.

நாம் அந்த மகனைக் குறை கூறவில்லை. அந்த நிலையில் நம்மில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். லயத்து ஜனங்களையும் குறை கூற முடியாது. கூலிக்குப் போகிறவர்கள் தம் வேலையை விட்டு எத்தனை நாள்தான் ஊரான் மாட்டைக் கட்டி மேய்ப்பது? குறை வேறெங்கோ இருக்கிறது. அந்த ஏழு மாடுகளைப் பற்றிய சகல விஷயமும் ஒரே ஒருவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்குள் ஒரு நரம்பு அடைத்துக்கொண்டதும் எல்லாம் போயிற்று.

தோழர்களே! மாடு என்பது நம் ஜனங்களுக்கு வெறும் மாடு அல்ல. ஊழியர் சேமநிதிச் சட்டம் இந்த நாட்டில் 1951ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன் தோட்டத்துத் தொழிலாளிக்குச் சேமநிதியாக இருந்தது கொட்டகையில் கட்டியிருந்த மாடும் ஆடும்தான். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பே, குடும்பம் உள்ள இந்தியத் தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம், காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ தோட்டத்தார் ஒதுக்கவேண்டும் என்று சொல்லிற்று. நம் பாட்டன்மார் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வம்சத்தை இன்றும் மிருக வைத்திய இலாகா ‘உள்ளூர் இந்தியக் கறவை’ என்று தனி இனமாகவே கணக்கில் வைத்திருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஒரு கிடேரி, பையனுக்குப் படிப்பு என்றால் இரண்டு வெள்ளாட்டுக் கிடா என்று விற்று வளர்ந்த குடும்பங்கள் எத்தனை! இதைப் படிக்கும் கிராணிமார்களிலும் பலர் அப்படிப் படித்து வந்தவர்களே.

சேமநிதிக்கு நாம் வாரிசு நியமனம் எழுதி வைக்கிறோம். எழுதாவிட்டால் பிள்ளைகள் அலைய நேரிடும் என்று சங்கம் பலமுறை சொல்லிச் சொல்லி, இப்போது பெரும்பாலோர் எழுதிவிட்டார்கள். ஆனால் கொட்டகையில் நிற்கும் சேமநிதிக்கு யார் எழுதினார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்த தொழிலாளிக்கு வருஷத்தில் 22 நாள் சம்பளத்தோடு நோய் லீவு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாளும் சாதாரண நோய் லீவில் கழிக்கப்படாமல் தனியாகவே கணக்காகிறது. இவையெல்லாம் தொழிலாளிகள் வாதாடிப் பெற்ற உரிமைகள். ஆனால் மாட்டு மடிக்கு எந்தச் சட்டமும் லீவு தரவில்லை. காலையும் மாலையும் பால் சுரந்துகொண்டேதான் இருக்கும். கறவை மாடு ஒன்று நாளைக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். கிள்ளான் வெயிலில் கட்டுத்தறியில் ஒரு பகல் தண்ணீரில்லாமல் நின்ற மாட்டைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். 2015ஆம் ஆண்டின் பிராணி நலச் சட்டம் 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது. தீனி, தண்ணீர், நோய்க்கு வைத்தியம் இவற்றுக்கு உரிமையாளரே பொறுப்பு என்கிறது அது. வதை என்று நிரூபணமானால் அபராதம் இருபதாயிரம் வெள்ளியிலிருந்து ஒரு லட்சம் வரை போகும். உரிமையாளர் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் பொறுப்பு எங்கேயும் போய்விடுவதில்லை.

“பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்” என்று சிலர் சொல்வார்கள். 2021 ஜூலை மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனாவின் உச்சம். சிலாங்கூரின் பெரும்பகுதி ஜூலை 3 முதல் இரண்டு வாரம் கடுமையான கட்டுப்பாட்டில் கிடந்தது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் நோயாளிகள் நிரம்பி வழிந்ததை நாடே பத்திரிகைகளில் பார்த்தது. ஒருவருக்கு நோய் என்றால் அவர் வீட்டார் அனைவருக்கும் கையில் வளையம் மாட்டி உள்ளே இருக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ பயந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்த நாட்களில் கொட்டகைக்கு யார் போவது? மனைவி, மக்கள், அண்டை அயல் என்று நாம் நம்பியிருந்த மூன்று கைகளையும் ஒரே நோய் ஒரே நாளில் கட்டிப்போட்டது. முன்கூட்டியே வேறொரு லயத்திலோ வேறொரு கம்பத்திலோ ஆள் பேசி வைத்திருந்தவர்கள் மட்டும் தப்பினார்கள்.

அதற்கும் முன்னே, 1998இன் கடைசியிலிருந்து 1999 நடுப்பகுதி வரை, நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் நடந்தது இன்னும் கொடியது. பன்றிப் பண்ணைக்காரர்களுக்கும் வேலையாட்களுக்கும் மூளைக்காய்ச்சல் வந்தது. முதலில் வேறு நோய் என்று எண்ணினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கண்டுபிடித்த பிறகே அது நீப்பா என்னும் புதிய கிருமி என்று தெரிந்தது. 265 பேர் நோய்ப்பட்டு 105 பேர் மாண்டார்கள். ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பன்றிகள் பின்னே நின்றன. பத்து லட்சம் பன்றிகளைப் போல அழிக்க நேர்ந்தது. மாடு வைத்திருக்கும் நமக்கு இதிலிருந்து ஒரு காரியம் தெரியவேண்டும். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், “நான் மாடு வளர்க்கிறேன், ஆடு வளர்க்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எலிக்காய்ச்சல் என்று சொல்லப்படுவது எலியால் மட்டும் வருவதல்ல. மாட்டு மூத்திரத்தாலும் வரலாம். கன்று வீசிய மாட்டைத் தொட்டுத் துடைத்தவருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் உண்டு. டாக்டர் கேட்காததை நாமே சொன்னால் குணமாகும் நாள் குறையும்.

சரி, என்ன செய்யவேண்டும் என்பதற்கு வருவோம்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். அதில் மாட்டுக்கு ஒரு பக்கம். பெயர், நிறம், காதில் அட்டை இருந்தால் அதன் எண். எப்போது சினைப்பட்டது, எப்போது ஈனும். மாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், ஆட்டுக்கு 150 நாள். சினைப்பட்ட தேதியை எழுதி வைத்தால் மீதியை எந்தக் கிராணியும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். கடைசி இரண்டு மாதம் பாலை வற்றவிடவேண்டும். இது தெரியாத புது ஆள் ஈனப்போகும் நாள்வரை கறந்துகொண்டே இருப்பார். எது உதைக்கும், எது முட்டும், எது கன்றைக் காட்டினால்தான் பால் விடும், எதற்கு இடது பக்கம் உட்கார்ந்து கறக்கவேண்டும் என்பதையெல்லாம் எழுதவேண்டும். நமக்கு இது சொல்லத் தேவையில்லாத விஷயமாகத் தோன்றும். இருபது வருஷம் செய்த காரியம் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். பால் வெட்டும் கத்தியைப் புது ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். மரத்துக்கு என்ன ஆகிறது என்று தெரியும்.

தீனியைப் பற்றி விவரமாகவே எழுதுங்கள். எவ்வளவு புண்ணாக்கு, எவ்வளவு தவிடு, புல் எங்கே அறுப்பது, எங்கே அறுக்கக்கூடாது. செம்பனை வரிசைகளில் களைக்கொல்லி தெளித்திருப்பார்கள். பாராகுவாட் விஷத்தை 2020 ஜனவரி முதல் இந்த நாட்டில் தடைசெய்துவிட்டார்கள் என்றாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. எந்த வரிசையில் எப்போது தெளித்தார்கள் என்பது அங்கே தினமும் நடக்கிறவருக்குத்தான் தெரியும். மரவள்ளித் தழையைப் பச்சையாகக் குவித்துப் போட்டால் ஆடு விழுந்துவிடும் என்பதும் டவுனிலிருந்து வரும் மகனுக்குத் தெரியாது. சோற்றைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். இரக்கப்பட்டு, கோயில் அன்னதானத்தில் மீந்த சோற்றையும் வாழையிலைக் கடையில் மிஞ்சியதையும் அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பழக்கமில்லாத மாடு ஒரே வேளையில் அவ்வளவு சோறு தின்றால் வயிறு புளித்து உப்பி உயிருக்கே மோசமாகும். புண்ணியம் என்று நினைத்துச் செய்தது பாவமாய் முடியும்.

கறக்க ஒருவருமே அகப்படாத நாளில் என்ன செய்வது? கன்றை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். சின்னக் கன்று அதிகம் குடித்தால் கழியும் என்பது உண்மைதான். ஆனாலும் மடி கட்டிப்போவதைவிட அது மேல். இந்த ஒரு வரி நோட்டில் இருந்திருந்தால் நாம் மேலே சொன்ன மாட்டின் மடி பிழைத்திருக்கும்.

பிறகு பணக் கணக்கு. எந்தக் கடைக்கு எவ்வளவு பால், யார் எவ்வளவு பாக்கி, தீனிக் கடையில் நம் பாக்கி எவ்வளவு. கிள்ளானில் தேநீர்க் கடைகளுக்குப் பால் ஊற்றுகிற நம்மவர்கள் பலர் இதை வாய்க்கணக்காகவே வைத்திருக்கிறார்கள். ஆள் படுத்துவிட்டால் கொடுக்கவேண்டியவர் வாய் திறப்பதில்லை. வாங்கவேண்டியவர் மறுநாளே வந்து நிற்பார்.

எல்லாவற்றிலும் முக்கியமானதை நம்மவர்கள் எழுதத் தயங்குவார்கள். அதனால் நாமே வெளிப்படையாகச் சொல்கிறோம். நாம் பேசமுடியாமல் கிடக்கும்போது மாட்டை விற்கும் அதிகாரம் யாருக்கு? எதை முதலில் விற்பது, எதை எந்த நிலையிலும் விற்கக்கூடாது, என்ன விலைக்குக் கீழே போகக்கூடாது? இதை எழுதி, வீட்டார் முன்னிலையில் படித்துக் காட்டி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். இது கோர்ட்டில் வாதாடும் பத்திரம் அல்ல. மகனும் மருமகனும் ஆஸ்பத்திரி வராந்தாவில் சண்டை போடாமல் இருப்பதற்கும், தரகர் வந்து நிற்கும்போது “அப்பா இதற்குக் கீழே கொடுக்கக்கூடாதென்று எழுதியிருக்கிறார்” என்று சொல்லத் தைரியம் வருவதற்கும்தான். நம் ஊர்ச் சந்தைகளில் மாட்டுப் பேரம் துண்டை மூடி விரலைப் பிடித்து நடக்கும் என்பார்கள் பெரியவர்கள். அந்தத் துண்டுக்குள் விரல் நீட்டுகிறவருக்கு மாட்டின் விலை தெரிந்திருக்கவேண்டும். நோயாளியின் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் ஆஸ்பத்திரிச் செலவுதான்.

நீண்ட நோய் என்றால் விற்பது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாட்டையும் ஆட்டையும் வாரத்துக்கு விடும் வழக்கம் உண்டு. வளர்க்கிறவருக்குப் பால் போகும். பிறக்கும் கன்றிலோ விற்ற விலையிலோ இருவருக்கும் பங்கு. நன்றாக இருக்கும்போதே இப்படி ஒருவரிடம் பேசி வைத்தால் மாடு குடும்பத்தை விட்டுப் போகாது. வளர்க்கிறவர் வேறு மாநிலத்தில் இருந்தால் மாட்டை லாரியில் ஏற்றுவதற்கு முன் மிருக வைத்திய இலாகாவின் அனுமதிச் சீட்டு வேண்டும், அதையும் மறக்கக்கூடாது. உடம்பு தளர்ந்தவர்களுக்கு, சிலருக்குப் பிடிக்காவிட்டாலும், நாம் சொல்வது வேறு: ஏழை ஐந்தாக்குங்கள், ஐந்தை மூன்றாக்குங்கள். நின்று நிதானமாக, நல்ல விலைக்கு, நீங்களே விற்றுவிடுங்கள். சர்க்கரை நோய்க்காரரும் இரத்தக் கொதிப்புக்காரரும் பத்து மாட்டைக் கட்டிக்கொண்டு, “என் காலம் வரைக்கும் ஓடும்” என்று சொல்வதில் பெருமை ஒன்றுமில்லை.

இனி சங்கக் கிளைகள் செய்யவேண்டியது. பின்லாந்து தேசத்தில் மாட்டுப் பண்ணைக்காரருக்கு வருஷத்தில் 26 நாள் லீவு உண்டு. அந்த நாட்களில் அவர் மாட்டைக் கறக்க மாற்று ஆள் வருகிறார். அவர் நோய்ப்பட்டாலும் அதே மாற்று ஆளைக் கேட்டுப் பெறலாம். சர்க்கார் பணத்தில் நடக்கிற ஏற்பாடு அது. ஜப்பானில் பால்மாட்டுக்காரர்களே சங்கம் கூடி, சம்பளத்துக்குக் கறவை ஆட்களை வைத்து, முறைவைத்து அனுப்புகிறார்கள். நமக்குச் சர்க்கார் இப்போதைக்கு அப்படிச் செய்யுமென்று நாம் காத்திருக்கவில்லை. ஆனால் ஜப்பான்காரர்கள் செய்வதை நம்மால் செய்ய முடியாதா? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனபோது, பால் வெட்டும் கையால் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கிய ஜனங்கள் நாம். பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோட்டம் வாங்கியவர்களுக்கு நாலு மாட்டைக் கறக்க முறை வைக்கத் தெரியாதா?

ஒரு வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர் ஆறு பேர் இருந்தால் போதும். ஒவ்வொருவரும் மற்ற இரண்டு கொட்டகைகளை ஒருமுறையாவது கறந்து பழகிக்கொள்ளட்டும்; மாடுகளும் அவர் வாசனைக்குப் பழகட்டும். ஒருவர் படுத்தால் முறை வைத்துப் போகவேண்டும். இதற்குக் கூலி உண்டு என்பதை முதலிலேயே பேசிவிடவேண்டும். அன்றைய பாலில் பாதியோ, நாளுக்கு இவ்வளவு வெள்ளியோ, கிளைக் கூட்டத்தில் தீர்மானித்துக்கொள்ளலாம். சும்மா செய்யச் சொல்வது தர்மம் என்று சில பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். உழைப்புக்குக் கூலி கேட்டே வளர்ந்த சங்கம், கொட்டகைக்குள் மட்டும் வேறு நியாயம் பேச முடியாது. மேலும் நாம் கண்ட மட்டில் இலவச உதவி மூன்று நாளுக்குமேல் ஓடியதில்லை.

மேய்ச்சலே இல்லாத இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் மாடு எதற்கு என்று டவுன் தோழர்கள் கேட்கலாம். அது தனி வாதம். இன்னொரு நாள் பேசலாம். இன்று கொட்டகையில் நிற்கிற மாட்டுக்கு இன்று ஏற்பாடு வேண்டும்.

ஆகவே வருகிற மாட்டுப் பொங்கலுக்குள் ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு நோட்டு எழுதி முடிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கொம்புக்கு வர்ணம் பூசும் நாளில் வருஷா வருஷம் அதைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு பிரதி வீட்டிலும், ஒன்று கொட்டகைப் பலகையிலும், ஒன்று டவுனில் இருக்கும் பிள்ளையிடமும் இருக்கட்டும். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குக் கிளைக் காரியதரிசியும் கிராணித் தோழர்களும் ஒரு மாலையை ஒதுக்கி எழுதிக் கொடுக்கவேண்டும். மாலைக் கறவைக்குக் கொஞ்சம் முன்னதாகப் போனால் மாடுகளை நேரில் பார்த்தே எழுதலாம். பெரியவரும் கறந்துகொண்டே சொல்வார்.